பார்த்து ஆடு

கிச்சா தன் சதுரங்க யானையை எதிராளியின் வாய்க்குள்ளேயே கொண்டுபோய் வைத்தும் கனகராஜ் அதைத் தின்னவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பெருமூச்சு விட்டார். ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார்.

கிச்சாவுக்கு வியர்த்தது. இந்த மனுஷனிடம் எப்படித்தான் தோற்பது?

உலகச் சதுரங்கப் போட்டி தினமும் பேப்பரில் வந்து, ஆபீசுக்கு ஆபீஸ் அந்தப் பைத்தியம் பிடித்திருந்த 1972. தி.நகர் ஆபீஸ் ஒன்றின் கோப்பைக்காக, மயிலாப்பூர்ப் பள்ளிக்கூட ஹாலில் இறுதி ஆட்டம். கிச்சா அங்கே மூன்று வருஷமாக டெம்பரரி குமாஸ்தா. வருஷக் கடைசியில் சீட்டுக் கிழியும் என்று பேச்சு. கனகராஜ் தலைமைக் கணக்கர், மேனேஜர் சுப்பராமனின் வலது கை. அரையிறுதியில் அவரிடம் அவசர அவசரமாகத் தோற்ற குமாஸ்தாவுக்கு மறுவாரமே இன்கிரிமென்ட் வந்தது.

நேற்றுச் சாயங்காலம் மேனேஜர் மாடிப்படியில் நிறுத்தி, "கிச்சா, நாளைக்குக் கனகராஜோட பாத்து ஆடுடா. உன் பர்மனன்ட் அதுலதான் இருக்கு" என்று தோளைத் தட்டியிருந்தார்.

வீட்டில் மனைவி விஜயலக்ஷ்மிக்குச் சந்தேகமே இல்லை.

"கத்திரிக்காய்க்காரன்கிட்ட 'பாத்துப் போடுப்பா'ன்னா என்ன அர்த்தம்? விட்டுக்கொடுன்னுதானே? பேசாம தோத்துட்டு வாங்கோ."

பேசாமல் தோற்க முடிந்தால்தானே! நாலு பேருக்குச் சந்தேகம் வராமலும் தோற்க வேண்டும்.

சிப்பாய் வெட்டும் கட்டத்தில் ராணியை நிறுத்தினான். கனகராஜ் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அந்த ராணிக்கே தன் குதிரையைக் காணிக்கையாக வைத்தார்.

"கிச்சா பொறி வெச்சிருக்கான்யா! சார் உஷாராயிட்டார்!" என்று கூட்டத்தில் ஒரு குரல். கைதட்டல் வேறு.

குதிரையைத் தொடாமல், கிச்சா தன் ராஜாவை அம்போவென்று விட்டான். ஒரு காயை நகர்த்தினால் ஆட்டம் முடிந்தது. கனகராஜ் அந்தக் கட்டத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு தன் யானையையும் கொண்டுவந்து கிச்சாவின் மடியில் போட்டார்.

கிச்சாவுக்கு வயிறு எரிந்தது. இந்த மூளைக்கா மூன்று வருஷம் எழுந்து நின்று வணக்கம் போட்டோம்? வேலைக்காக இதனிடமும் தோற்க வேண்டியிருக்கிறதே!

தலையைப் பிடித்துக்கொண்டான். "தலை சுத்தறது சார். நான் தோத்துட்டேன்."

கனகராஜ் பதறி அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "தம்பி, அவசரப்படாதீங்க! ஒரு சோடா குடிங்க! நல்லாத்தானே ஆடிக்கிட்டு இருக்கீங்க!"

என்ன நடிப்பு என்று வியந்தபடி, கிச்சா கையை உதறி ராஜாவைச் சாய்த்தான்.

கோப்பையை வாங்கிய கனகராஜின் முகத்தில் இழவு வீட்டுக் களை. மேனேஜர் கிச்சாவை ஒரு பார்வை பார்த்தார். காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போய்விட்டார். எல்லார் எதிரிலும் சிரிக்க முடியுமா என்று கிச்சா தன்னைத் தேற்றிக்கொண்டான்.

நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த பியூன் வைரவன் கிட்டே வந்தான்.

"இன்னா சார் இப்டிப் பண்ணிட்டே? நீ கோப்பையை ஜெயிச்சாதான் உன்னைப் பர்மனன்ட் பண்ண முடியும்னு மேனேஜர் சொல்லி, பாவம், கனகராஜ் சாரு ஒரு வாரமா வூட்ல குந்திகினு எப்டித் தோக்கறதுன்னு கத்துகினு இருந்தாரு!"