சம்பந்தி வீட்டுக்குப் போன சாணை

கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். ஒரு கத்தியைக் கூராக்கப் போய், மகள் கல்யாணத்தையே மழுங்கடிக்கப் பார்த்த ஷர்ஷெனின் கதை இது.

"வீட்ல இருக்கற ஒரே கத்தி, இது வெண்ணெயைக்கூட வெட்டாது. சந்தை முக்குல சாணைக்காரர் இருக்கார், பத்து நிமிஷ வேலை. போயிட்டு வாங்க" என்றாள் அவர் மனைவி பூருல்.

சனிக்கிழமை காலை. மறுநாள் மகள் மீரிமின் வருங்கால மாமனாரும் மாமியாரும் முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறார்கள். ஆடு வாங்கிக் கட்டியாகிவிட்டது.

"சாணைக்காரனா? நம்ம வீட்லயே சாணை மெஷின் இருக்கு!" என்றார் ஷர்ஷென்.

அவர் பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டிக்கெட் கட்டுக்கு முத்திரை குத்தியவர். ஓய்வு பெற்ற மறுவாரமே, கார் இல்லாத தன் கராஜைப் பட்டறையாக்கிவிட்டார். ஞாயிறுதோறும் பழைய சாமான் சந்தையிலிருந்து ஏதாவது துருவோடு வருவார். இந்தச் சாணையும் அப்படி வந்ததுதான். யாரோ ஒரு புண்ணியவான் வாஷிங் மெஷின் மோட்டாரைக் கழற்றி, பெல்ட் போட்டு இரண்டு சாணைக் கல் பூட்டி, ஆட்டுக்கொம்பு போல வளைந்த கைப்பிடி வைத்துச் செய்திருந்தான். "ஒரு அம்மா கொண்டுவந்து, கிடைச்ச விலைக்குத் தள்ளிட்டுப் போனாங்க, மாமா. திரும்பிக்கூடப் பார்க்கல" என்று கடைக்காரன் சொன்னபோதே ஷர்ஷென் யோசித்திருக்க வேண்டும். அவரோ ஒரு மாதம் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, பச்சைப் பெயிண்ட் அடித்தார்.

பிளக்கைச் சொருகினார். மெஷின் ஊளையிட்டது. கத்தியை வைத்தார். தீப்பொறி பறந்தது, கத்தி நீலம் பாய்ந்தது. எடுத்துப் பார்த்தால், கைப்பிடியில் ஒரு கம்பிதான் மிச்சம்.

"என்னங்க இது, காது குடையவா?" என்றாள் பூருல்.

"வேகம் கொஞ்சம் ஜாஸ்தி. குறைச்சுட்டாப் போச்சு."

அவள் தையல் மெஷினின் பெரிய சக்கரத்தைக் கழற்றி மோட்டாரில் மாட்டினார். பெரிய சக்கரம் மெதுவாகத்தானே சுற்றும் என்பது அவர் கணக்கு. கல் முன்னைவிட மூன்று மடங்கு வேகத்தில் சுற்றியது. பக்கத்து வீட்டு ரக்கியாவிடம் இரவல் வாங்கிய கத்தி கையிலிருந்து பறந்து கராஜ் கதவில் போய்க் குத்தி நின்றது. பிறகு இரண்டாக உடைந்தது. ஃப்யூஸ் போனது.

ஃப்யூஸ் இருந்த இடத்தில் விரல் தடிமனுக்குக் கம்பி வைத்தார். இந்த முறை ஃப்யூஸ் போகவில்லை. சுவருக்குள் இருந்த ஒயரே கருகிவிட்டது. மின் அடுப்பில் சம்சா பாதி வேக்காட்டில் நின்றது.

பூருல் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நாளைக்கு இந்தச் சம்பந்தம் முறிஞ்சுதுன்னா, உங்க கராஜ்ல கோழி வளப்பேன். நீங்களும் அதுங்களோடயே படுத்துக்கலாம்" என்றாள்.

மறுநாள் சம்பந்திகள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா காசிபெக் அமைதியான மனிதர். அம்மா உம்சுனை கண்ணாலேயே வீட்டை அளப்பவள். முற்றத்து விறகடுப்பில் வெந்த கறி ஆவி பறக்க வந்தது. அதை விருந்தாளிகள் முன்னாலேயே பொடிப்பொடியாக நறுக்கி, வேகவைத்த மாவுப் பட்டைகள்மேல் போட்டுப் பரிமாற வேண்டும். எல்லோரும் கை கழுவிக் காத்திருக்கிறார்கள். ஆட்டை அறுத்தவர் தன் கத்தியோடு போய்விட்டார்; ரக்கியாவின் கத்தி உடைந்த பிறகு யாரும் இரவல் தரவில்லை; வீட்டில் கத்தி இல்லை.

"ஆடு அறுத்த வீட்ல கத்தி இல்லையா?" என்றாள் உம்சுனை.

காசிபெக் தன் இடுப்புக் கத்தியை உருவி, விருந்தாளியே உட்கார்ந்து கறி நறுக்கினார். ஷர்ஷெனுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. வேறு வழியில்லாமல் நடந்ததையெல்லாம் ஒப்பித்தார்.

"மெஷினா? காட்டுங்க, பார்ப்போம்" என்று எழுந்தார் காசிபெக்.

கராஜில் அந்தப் பச்சை மெஷின் முன்னால் வெகுநேரம் நின்றார். வளைந்த கைப்பிடியைத் தடவினார். கண் கலங்கியது.

"அடடா! என்ன சாமான் சம்பந்தி இது! என்ன சாமான்!"

ஷர்ஷென் சட்டென்று மெஷினை மறைத்துக்கொண்டு நின்றார். முதல் தடவை வந்த சம்பந்தி வாய்விட்டுப் புகழ்ந்த பொருளைக் கொடுக்காமல் அனுப்பினால் ஊர் சிரிக்கும்; கொடுத்ததை அவர்கள் மறுத்தாலும் சம்பந்தம் அதோடு சரி. பின்னாலிருந்து பூருல் அவர் முதுகில் கிள்ளினாள். "குடுங்க! இப்பவே குடுங்க!" அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"உங்களுக்குத்தான் சம்பந்தி" என்றார் ஷர்ஷென், பச்சைப் பெயிண்டைக் கடைசியாக ஒரு தடவை துடைத்துவிட்டு.

காசிபெக் அவரைக் கட்டிப்பிடித்துக் கல்யாணத் தேதியை அங்கேயே சொல்லிவிட்டார். பிறகு, யார் உதவியும் வேண்டாமென்று, மெஷினைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு காருக்குப் போனார்.

வாசலில் நின்ற உம்சுனை அதைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. பூருலின் கையை இறுகப் பிடித்து, கணவன் காதில் விழாமல் சொன்னாள்:

"சம்பந்தியம்மா, அது என் வாஷிங் மெஷினை அறுத்து இந்த மனுஷன் செஞ்சது. இவர் ஊர்ல இல்லாத நேரம் பாத்து நான்தான் சந்தையில தள்ளிட்டு, திருடு போச்சுன்னு சொன்னேன். நாங்க பொண்ணை மட்டுந்தானே கேட்டு வந்தோம்!"

உங்கள் வீட்டுக் கத்தி என்றும் கூராக இருக்கட்டும், கண்ணுகளா. கழித்துக் கட்டியது எதுவும் உங்கள் வாசலுக்குத் திரும்பாமல் இருக்கட்டும்.