காணாமல் போன குன்று

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கையும் அவள் மூட்டுவலியும் சௌக்கியம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் நலம்தானே?

நீங்கள் சிபாரிசு செய்து வாங்கிக் கொடுத்த தீவுக் காவல் வேலையில் மூன்று மாதம் ஓடிவிட்டது. மனித வாடையே இல்லாத சரணாலயம், திருட்டுப் பயம் இல்லை என்றீர்கள். மச்சான், அங்கே நடப்பதெல்லாம் திருட்டுதான்! முப்பது வருடம் கிடங்கில் சரக்கு சரிபார்த்தவன் நான்; அலுவலகம் கொடுத்த வரைபடத்தோடும் பட்டியலோடும் முதல் நாளே தீவைச் சுற்றி வந்தேன். வடக்கே குன்று என்று போட்டிருக்கிறது. குன்றைக் காணோம். தெற்கே ஆமை முட்டையிடும் மணல்வெளி; போய்ப் பார்த்தால் வெறும் பாறை. ஆலாப் பறவை நானூறு இருக்க வேண்டும், எண்ணினால் பதினொன்று, அதிலும் ஒன்று நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விட்டது. பட்டியலிலேயே இல்லாத ஓர் உடும்பு மட்டும் பாறைமேல் படுத்துக்கொண்டு, என்னவோ நான்தான் திருடன் என்பதுபோல் முறைக்கிறது.

எனக்கு, தினமும் என்னைத் தீவில் கொண்டுவிடும் படகுக்காரர் மேல்தான் கண். மனுஷன் ரொம்ப சாது, அதான் இடிக்குது. "இங்க இருந்த குன்று எங்கேய்யா?"ன்னு கேட்டா, "எந்தக் குன்று சார்?"ங்கறார். எப்படி நடிப்பு பார்த்தீங்களா! அதனால்தான் வரைபடத்தை அவர் கண்ணில் காட்டுவதே இல்லை. முதல் நாளே ஆள் மேல் நம்பிக்கை வராததால், எந்தத் தீவு என்று வாயைத் திறக்காமல், "அதோ, அங்க விடுங்க" என்று கையை மட்டும் நீட்டினேன். உங்க தங்கச்சியோ, "குன்றை எவன் தூக்கிட்டுப் போவான்? முதல்ல கண்ணாடியை மாத்துங்க"ங்கறா. அவளும் படகுக்காரரிடம்தான் மீன் வாங்குகிறாள் என்பதைக் கவனிக்கவும்.

அடுத்த வாரம் மேலதிகாரி பார்வையிட வருகிறார். குன்று போனது என் காவலில் என்றால் வேலை போய்விடும். வீட்டோடு உட்கார்ந்தால் உங்கள் தங்கையிடம் என் கதி என்ன என்று உங்களுக்கே தெரியும். காதும் காதும் வைத்தாற்போல் ஒரு விசாரணைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

என்றும் உங்கள் சொல் தட்டாத,
மைத்துனன்

பி.கு.: படகில் உட்கார்ந்து இதை உறையில் போடும்போது வரைபடம் கீழே விழுந்துவிட்டது. படகுக்காரர் எடுத்துப் பார்த்துவிட்டு, "சார், இது நாம தினமும் போற தீவுக்குப் பின்னாடி இருக்கிற தீவாச்சே, அங்க நாம ஒரு நாளும் போகலையே!" என்றார். உடனே போனோம். குன்று அங்கேயே இருக்கிறது, ஆமையும் இருக்கிறது. ஆலாப் பறவைதான் எண்ணூறு. மச்சான், காவலே இல்லாத மூன்று மாதத்தில் இரண்டு மடங்கு! இது மேலதிகாரிக்குத் தெரிந்தால் அப்புறம் காவலாளி எதற்கு? அவர் வருவதற்குள் நானூறு பறவையை விரட்ட நல்ல வழியாக ஒன்று சொல்லுங்கள்.