பதினேழு டீச்சரும் என் மாமா டீக்கடையும்

இந்திய அரசியலமைப்புச் சட்டத்தை எழுதியவர்களுக்குக்கூட அங்கங்கே கொஞ்சம் சந்தேகம் இருந்திருக்கும். பதினேழு டீச்சருக்குக் கிடையவே கிடையாது. தீண்டாமையை ஒழித்த பதினேழாம் பிரிவை பஸ் கண்டக்டரிடம்கூட ஒப்பிப்பார். பல் டாக்டர் ஒருவர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, பாவம், அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

சம உரிமையைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று ஆசிரியர்கள் இருபது பேருக்குச் சங்கராபுரத்தில் அவர் பயிற்சி கொடுத்தார். நான் எழுந்து, "எங்க ஊர்ல சாதியெல்லாம் இப்ப யாரும் பாக்கறதில்லீங்க" என்றேன், பெருமையாக.

"அப்படியா சார்? ஊர்ல டீக்கடை இருக்குதா?"

"எங்க மாமாவே வச்சிருக்காருங்க."

"கெளம்புங்க. எல்லாரும் போய் டீ குடிக்கலாம்."

டவுன் பஸ்ஸில் போய் இறங்கினோம். ஒரே நேரத்தில் இருபத்தோரு டீ! மாமாவுக்கு வாயெல்லாம் பல். எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ் வந்தது. எங்கள் ஊர் காலனியைச் சேர்ந்த அறிவியல் சாருக்கு மட்டும் பேப்பர் கப். அவர் வாங்கிக்கொண்டார். பத்து வருஷமாக என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்க்கிறவர். அந்தக் கப்பை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டீச்சர் தன் கிளாஸை பெஞ்சில் வைத்தார். "இன்னாங்க, சாருக்கு மட்டும் பேப்பர் கப்பு?"

"கிளாஸ் கம்மிங்க." மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு வரிசை கிளாஸ் கவிழ்ந்து கிடந்தது.

"பரவால்லீங்க. சாருக்குக் கிளாஸ் வர்ற வரைக்கும் நாங்களும் குடிக்கல."

ஒவ்வொருவராகக் கிளாஸைக் கீழே வைத்தோம். உண்மையைச் சொன்னால், கடைசியாக வைத்தவன் நான். மாமா முறைத்தார்.

"டேய், நீயுமாடா? உங்கம்மாவாண்ட சொல்றேன் இரு!"

எனக்கு வயது நாற்பத்திரண்டு. இருந்தும் ஒரு நொடி பயந்தேன். பிறகு சொன்னேன்: "சொல்லிக்கோ மாமா. மொதல்ல சாருக்குக் கிளாஸ்ல டீ குடு."

டங்கென்று ஒரு கிளாஸ் வந்து உட்கார்ந்தது. அறிவியல் சார் நிதானமாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். நாங்கள் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். காலி கிளாஸை நீட்டி, "சக்கரை கம்மிங்க. இன்னொன்னு போடுங்க" என்றார்.

மாமா போட்டார்.

டீச்சர் மேல் புகார் போனது. ஒரே வாரத்தில் டீச்சரைக் கல்வராயன் மலைக்கு மாற்றினார்கள். "மலைமேலயும் இதே சட்டம்தான சார்?" என்று சிரித்தார். அவர் கிளம்பிய அன்று, மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் பஸ்ஸுக்குள் துண்டைப் போட்டு அவருக்கு இடம் பிடித்தேன். துண்டு என் முகத்துக்கே திரும்பி வந்தது.

"முன்னாடி வந்தவங்க நின்னுக்கினு வரணும், நான் மட்டும் குந்திக்கினு போவணுமா?"

கம்பியைப் பிடித்து நின்றபடியே மலையேறிப் போனார்.

எல்லாரும் சமம்தான் டீச்சர், ஒப்புக்கொள்கிறேன். எனக்கு நீங்கள் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.