ஏரியலோடு பெண் பார்க்கப் போனேன்

பெண் பார்க்கப் போகிறவன் கையை வீசிக்கொண்டு போக வேண்டும். (பூ, பழமெல்லாம் அம்மா சுமப்பார், அதுதான் முறை.) நான் ஏரியலைத் தூக்கிக்கொண்டு போனேன். நன்றாக அனுபவித்தேன்.

எண்பதுகளில், நடந்துகொண்டே பேசும் தொலைபேசிக்கான ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் எனக்கு வேலை. அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே ரேடியோ அலை எங்கே கிடைக்கிறது, எங்கே காணாமல் போகிறது என்று அளக்க வேண்டும். தோளில் கனத்த பெட்டி, காதில் ஹெட்போன், கையில் அலை பிடிக்கும் ஏரியல். "புள்ள ஆராய்ச்சி பண்றான்" என்று அம்மா நாங்கள் இருந்த செம்பவாங் வட்டாரம் முழுக்கச் சொல்லியும் ஒரு வரனும் நிலைக்கவில்லை. என்ன ஆராய்ச்சி என்று கேட்பார்கள், அம்மா முழிப்பார். புக்கிட் பாத்தோக் வட்டாரத்துப் பெண் ஒருத்தியின் படத்தைப் பார்த்ததும், இந்த இடத்தையாவது கோட்டைவிடக் கூடாதென்று துடித்தேன். கருவியையே காட்டி அசத்திவிடலாம் என்பது என் மகா யோசனை.

வேலையிடத்திலிருந்து நேரே போனேன். அம்மாவும் அப்பாவும் இன்னும் வந்து சேரவில்லை. சும்மா நிற்கக் கூடாதா? பெண் வீடு இருந்த அடுக்குமாடி புளோக்கின் தாழ்வாரத்தில் அளக்க ஆரம்பித்தேன். வாசலுக்கு வாசல் நல்ல சிக்னல். பெண் வீட்டு ஜன்னலருகே மட்டும் சுத்தமாக இல்லை! விடுவேனா? ஏரியலை ஜன்னல் பக்கம் நீட்டி நீட்டிப் பார்த்தேன்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவி சட்டென்று நின்றது. ஏதோ கனமான சாமானை இழுக்கும் சத்தம். கதவு லேசாகத் திறந்தது.

"எங்க வீட்ல டிவி இல்ல லா! போங்க போங்க!" என்றார் பெரியவர் ஒருவர். நான் ஹெட்போனைக் கழற்றுவதற்குள் கதவு சாத்தப்பட்டது.

அப்போதெல்லாம் டிவி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். கருவியோடு சோதிக்க ஆட்கள் வருவார்கள். அது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. கல்யாணச் சீராக டிவி கேட்டதாக நினைத்துவிட்டார்களோ என்று கலங்கிப்போய் மறுபடி மணி அடித்தேன். ஜன்னலில் படத்தில் பார்த்த அதே முகம்.

"அப்பா வெளிய போயிட்டாரு" என்றாள். அவள் தோளுக்குப் பின்னால், கதவைச் சாத்திய அதே அப்பா நின்றுகொண்டிருந்தார்.

லிஃப்டிலிருந்து, என் அப்பா பின்தொடர, அம்மா தாம்பாளத்தோடு வந்தார். "ஏன்டா, மாப்பிள்ளையா லட்சணமா உள்ள உக்காராம வாசல்லயே நிக்கிற?"

கதவு அகலத் திறந்தது. லைசென்ஸ்காரன் என்று விரட்டியது மாப்பிள்ளையைத்தான் என்று தெரிந்ததும் பெரியவர் முகம் தொங்கிப்போனது. கூடத்து நாற்காலிகள் எல்லாம் டிவி இல்லாத வெற்று மேசையைப் பார்த்தபடி கிடந்தன. வெட்கத்திலேயே இவர் சம்பந்தம் வேண்டாமென்று சொல்லிவிடுவாரே! நிலைமையைச் சமாளிக்க வாயைத் திறந்தேன்.

"நான் டிவி செக் பண்ண வரல, அங்கிள். எல்லா வாசல்லயும் சிக்னல் நல்லா இருந்துச்சு. உங்க வாசலுக்கு வந்ததும் செத்துப்போச்சு."

நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் பேசுகிற பேச்சா! அம்மா தொடையில் கிள்ளினார் பாருங்கள், இன்றும் வலிக்கிறது.

காப்பித் தட்டோடு வந்த அவள்தான் கேட்டாள். "செத்தா என்ன பண்ணுவீங்க?"

"பக்கத்துல சின்னதா இன்னொரு ஸ்டேஷன் வைக்கணும். ஒண்ணு விட்டா இன்னொண்ணு புடிச்சுக்கும். நடந்துகிட்டே இருந்தாலும் பேச்சு அறுந்துபோகாது."

"கண்டிப்பா வேலை செய்யுமா?"

"தெரியல. அதத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்."

அவள் சிரித்துவிட்டாள். ஐயோ, அந்தச் சிரிப்பு! பிறகு தன் அப்பாவிடம் திரும்பி, "டிவிய வெளிய கொண்டாங்கப்பா. நம்ம வீட்டு ஆளுதான்" என்றாள்.

அடுத்த வாரமே என் மாமனார் டிவி லைசென்ஸ் எடுத்தார். எடுத்ததோடு விட்டாரா? கண்ணாடிச் சட்டம் போட்டு, பிற்பாடு எங்கள் கல்யாணப் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார். அவர் காலமான பிறகு அது எங்கள் வீட்டுச் சுவருக்கு வந்துவிட்டது. வருகிறவர்கள், யார் வாங்கிய பட்டம் என்று கேட்பார்கள்.

"எங்கப்பா எனக்குச் செஞ்ச சீரு" என்பாள் என் மனைவி.