கரடியைத் தெரியாது என்று சொன்ன வண்டி

ஒரு காட்டில் இது நடந்ததாகச் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை. அந்தக் காட்டின் வாகனச் சோதனைக் கொட்டகைக் கூரையில் உட்காரும் மைனா ஒன்று என் அறை நண்பனிடம் சொன்னது. அவன் என்னிடம் சொன்னான். மைனா விட்டது கொஞ்சம், நண்பன் சேர்த்தது கொஞ்சம் இருக்கலாம். என் பங்குக்கு எதையும் சேர்க்காமல் இருக்கப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காட்டில் மாசிலாமணி என்றொரு கரடி இருந்தது. குளக்கரைக்கும் மலையடிவாரத்துக்கும் இடையே ஷேர் கார் ஓட்டிப் பிழைத்தது. முயல் என்றால் எட்டுப் பேரை ஏற்றும், மான் என்றால் மூன்று பேரை. முள்ளம்பன்றி வந்தால் அது மட்டும்தான் போகும். கூட உட்கார யாரும் சம்மதிப்பதில்லை.

வழித்தட உரிமத்தை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்த ஆண்டுக்குக் கடைசி நாள் சனிக்கிழமை, மாலை நான்கு மணி. வண்டி தானே ஓடி சோதனைக் கொட்டகைக்கு வர வேண்டும். கயிறு கட்டி இழுத்து வந்தால் செல்லாது. வராவிட்டால் உரிமம் ரத்து.

அதற்கு மூன்று நாள் முன்பு, புதன்கிழமை, யாரோ வண்டியைத் திருட முயன்றார்கள். கதவு திறந்து கிடந்தது. சீட்டில் ரோமம் உதிர்ந்து கிடந்தது. வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அது ஏன் போகவில்லை என்று கரடி யோசிக்கவில்லை. போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் யோசித்தது. நேராகக் கோட்டான் பூசாரியிடம் ஓடியது.

வெள்ளிக்கிழமை பூசாரி வந்தார். சாவியின் தலையில் செப்புத் தகட்டை இறுக்கிச் சுற்றினார். அதன் மேல் சிவப்புத் துணி, துணிமேல் கறுப்புக் கயிறு ஒன்பது சுற்று.

"இந்தத் தகடு இருக்கிற வரைக்கும் எந்தத் திருடனும் இந்த வண்டியை நகர்த்த முடியாது. ஆனா ஒண்ணு மாசிலாமணி, உன் கையால இதை அவிழ்த்தா வண்டி கைமாறிப் போயிடும்."

"அவிழ்ப்பேனா சாமி!" என்றது கரடி. அப்படியே பரிகாரமாக இரண்டாவது சாவியைக் கோயில் உண்டியலில் போடச் சொன்னார். போட்டாயிற்று.

நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கரடி சாவியைத் திருகியது. எஞ்சின் உறுமியது, இரண்டு நொடியில் செத்தது. மறுபடி திருகியது. உறுமியது, செத்தது. எலுமிச்சம்பழம் நான்கும் நசுங்காமல் அப்படியே இருந்தன. முன்பலகையில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு ஒன்று படபடவென்று மின்னியது.

"பாரு, தகடு வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டுப் பூசாரி பறந்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் குரங்கு மெக்கானிக் வையாபுரி வந்தது. வேறு பேட்டரி போட்டுப் பார்த்தது. பிளக்கைக் கழற்றி ஊதிப் பார்த்தது. பெட்ரோல் பம்பை மாற்றியது. ஒவ்வொரு முறையும் கரடியிடமிருந்து சாவியை வாங்கி, துணியும் கயிறுமாக இருந்த அந்தத் தலையை இரண்டு கண்ணிலும் பயபக்தியோடு ஒற்றிக்கொண்டுதான் திருகியது. ஒவ்வொரு முறையும் எஞ்சின் இரண்டு நொடி உறுமிச் செத்தது. பதினோரு மணிக்கு எஞ்சினில் பாதி, வாழையிலையில் பரப்பிக் கிடந்தது.

"அண்ணே, இது கைவைத்தியத்துல தீராது" என்று சொல்லி, திரை வைத்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வண்டியில் செருகியது. திரையில் எழுத்து வந்தது: சாவி அடையாளம் தெரியவில்லை.

"என்னடா சொல்லுது?"

"வண்டிக்கு உங்களைத் தெரியலையாம்."

"ஆறு வருஷமா இதே சீட்டுல உட்காருறேன்டா! என் பின்பக்கம் எப்படியிருக்கும்னு அந்த சீட்டுக்குத் தெரியும்!"

"என்கிட்ட கோவிச்சு என்ன பண்ண? பெட்டி சொல்லுது. ஏதாவது ஆதாரத்தைக் காட்டிப் பாருங்க."

கரடி ஓட்டுநர் உரிமத்தை எடுத்து முன்பலகைக்குக் காட்டியது. விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. ரேஷன் அட்டையைக் காட்டியது. மின்னியது. நகலாக இருந்தால் ஒருவேளை ஏற்கும் என்றது குரங்கு. நகலெடுத்து, ஆமையிடம் போய்ச் சான்றொப்பம் வாங்கினார்கள். அதில் ஒரு மணி நேரம் போனது. ஆமை கையெழுத்தை வேகமாகத்தான் போட்டது. பச்சை மைப் பேனாவைத் தேடியதில்தான் நேரம் ஆனது. சான்றொப்பமிட்ட நகலுக்கும் விளக்கு மின்னியது.

குரங்கு எஞ்சினைப் பூட்டி முடித்தபோது மூன்று போல்ட் மிச்சம் இருந்தது.

"இதெல்லாம் கம்பெனிக்காரன் கூடுதலாப் போட்டதுண்ணே" என்று அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டது.

மணி மூன்று. கரடி சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தது. "உரிமம் போச்சுன்னா மறுபடி தேனுக்கு மரம் ஏறணும். இந்த உடம்பை எந்தக் கிளை தாங்கும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

மேலே கிளையில் யாரோ சிரித்தார்கள். அண்ணாந்து பார்த்தால் ஒரு மரநாய்.

"என்ன மாமா, வண்டி உன்னையும் திருடன்னு சொல்லிடுச்சா?"

"உன்னையுமா? யாருடா நீ?"

"சொக்கன். புதன்கிழமை உன் வண்டியைத் தூக்க வந்தவன்."

கரடி எழுந்தது. மரநாய் அதே அளவு மேல்கிளைக்கு நகர்ந்துகொண்டது.

"அடிக்கணும்னா அப்புறம் அடி. நாலு மணிக்கு வண்டி போகணுமா, வேண்டாமா?"

கரடி உட்கார்ந்தது.

"நான் வரும்போது மாற்றுச் சாவி வெட்டிக்கிட்டுத்தான் வந்தேன். பல்லு ஒத்துப்போச்சு, திரும்பிச்சு, எஞ்சினும் எழுந்திச்சு. ரெண்டே நொடி. கழுத்தைப் பிடிச்சு அமுக்கின மாதிரி நின்னுபோச்சு. இதே விளக்கு மின்னிச்சு. வெட்கமாப் போச்சு மாமா. வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் படிச்சேன்."

"என்னத்தைப் படிச்சே?"

"உன் சாவித் தலைக்குள்ள அரிசி மாதிரி ஒரு சில்லு இருக்கு. சாவித் துவாரத்தைச் சுத்தி ஒரு கம்பிச்சுருள் இருக்கு. சுருள் 'யாரது'ன்னு கேட்கும், சில்லு பேரைச் சொல்லணும். சரியான பேருன்னா எஞ்சினை விடும். என் சாவியில சில்லே இல்லை."

"என் சாவியில இருக்கில்ல?"

"இருந்தா ரெண்டுல ஒண்ணு. சாவியில கோளாறு, இல்லேன்னா சுருள்ல கோளாறு. ரெண்டாவது சாவியைப் போட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும். எங்கே அது?"

"உண்டியல்ல."

மரநாய் தலையில் அடித்துக்கொண்டது. பிறகு இறங்கி வந்து, கரடியின் கையிலிருந்த சாவியைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "இந்தத் துணிக்குள்ள என்ன?"

"செப்புத் தகடு. திருட்டுப் போகாம இருக்க."

"சில்லு கத்திக்கிட்டுத்தான் இருக்கு மாமா. நீ அது வாயில தகட்டை அடைச்சு வச்சிருக்கே. அவிழ்த்துப் போடு, ஓடும்."

"என் கையால அவிழ்க்கக் கூடாது. வண்டி கைமாறிப் போயிடும்."

"என் கையால அவிழ்க்கலாம்ல?"

பூசாரி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மணி மூன்றரை. கரடி கண்ணை மூடிக்கொண்டு சாவியை நீட்டியது. மரநாய் ஒன்பது சுற்றையும் பல்லால் அறுத்துத் தகட்டை உரித்தது. சாவியைப் போட்டுத் திருகியது. எஞ்சின் எழுந்தது. இரண்டு நொடி போனது, மூன்று போனது, பத்து போனது. சிவப்பு விளக்கு அணைந்தேவிட்டது. வண்டி நகர, எலுமிச்சம்பழம் நான்கும் ஒரே சமயத்தில் நசுங்கின. தகடில்லாத சாவியைத் தொடக் கரடிக்குப் பயம். அதனால் மரநாயே ஓட்டியது. கரடி பக்கத்து சீட்டில் தகட்டையும் அறுந்த கயிற்றையும் மடியில் வைத்துக்கொண்டு சாமி கும்பிட்டபடி வந்தது.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கொட்டகைக்குள் நுழைந்தார்கள். வண்டி நின்றதும் கரடிக்கு ஒரு யோசனை வந்தது. திருடனுக்குச் சாவியின் குணம் தெரிந்துவிட்டது. இனி இவனை எப்படித் தடுப்பது? சட்டென்று பயத்தையும் மறந்து சாவியைப் பிடுங்கி, தகட்டை மறுபடி இறுக்கிச் சுற்றி, அறுந்த கயிற்றால் கட்டிவிட்டது. கட்டுவதற்குத் தடை எதுவும் இல்லை.

சோதனை ஆய்வாளர் ஒரு காட்டெருமை. படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தது.

"வண்டி யாரோடது?"

"என்னோடதுங்க ஐயா" என்றது கரடி.

"ஸ்டார்ட் பண்ணு."

கரடி திருகியது. இரண்டு நொடி. செத்தது. விளக்கு மின்னியது.

ஆய்வாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தது. "இது திருட்டுத் தடுப்பு விளக்காச்சே. திருடன் கை வச்சாத்தான் மின்னும்."

"தகட்டை எடுத்தா ஓடும் ஐயா!"

"எடு, யார் வேண்டாம்னது?"

கரடியின் நகம் கயிற்றின் முடிச்சு வரைக்கும் போனது. கொட்டகைக் கடிகாரத்தைப் பார்த்தது. முடிச்சைப் பார்த்தது. கைமாறிப் போயிடும் என்ற பூசாரியின் குரல் காதில் கேட்டது. நகம் அங்கேயே நின்றது.

"என்னால முடியாதுங்க ஐயா. அவன்தான் எடுக்கணும்."

மரநாய் முடிச்சை அவிழ்த்தது. திருகியது. எஞ்சின் எழுந்து பூனை மாதிரிக் குர்ரென்று ஓடியது. விளக்கு அணைந்தது.

"ஐயா, என்கிட்ட சான்றொப்பம் போட்ட நகல் இருக்கு, பச்சை மை!" என்று கரடி கதறியது.

"காகிதத்தை யாரு வேணும்னாலும் எழுதலாம். மிஷின் பொய் சொல்லாது" என்றது ஆய்வாளர். "தம்பி, உன் பேரு என்ன?"

"சொக்கன் ஐயா."

படிவத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் ஆய்வாளர் அதை எழுதிக்கொண்டது. மணி நான்கு அடித்தது. சொக்கன் கதவைச் சாத்திக்கொண்டு சன்னல் வழியாகத் தலையை நீட்டியது.

"ஏறு மாமா, குளக்கரையில இறக்கி விடுறேன். இன்னைக்கு மட்டும்."

நீதி: வண்டியின் கோளாறு உன்னைவிடத் திருடனுக்கு நன்றாகத் தெரிந்தால், விதிப்படி அது அவன் வண்டி.

இப்படி ஒரு நீதியை எழுதிவிட்டு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மைனாவை மட்டும் நம்பி ஒரு காட்டின் மேல் பழி போடலாமா? அந்தக் காட்டின் ஆண்டறிக்கையைக் கேட்டு விண்ணப்பித்தேன். நாற்பது நாளில் வந்தது. குற்றங்களுக்கான பக்கத்தில், வாகனத் திருட்டு என்ற தலைப்புக்கு எதிரே, அந்த ஆண்டுக்கு ஒரே சொல் இருந்தது: இல்லை.