மேல்மாடிக்கு முதலிடம்

உலக இசையின் தரம் ஆண்டுதோறும் டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மாலை, திருவனந்தபுரத்தில், கரமனையை அடுத்த பவழமல்லி நகர் குடியிருப்போர் சங்கத்தின் ஹாலில் வைத்து நிர்ணயிக்கப்படுகிறது. உலகத்துக்கு இன்னும் தகவல் போகவில்லை. அது உலகத்தின் நஷ்டம். சங்கச் செயலாளர் என்ற முறையில் என்னால் முடிந்தது, நாற்காலி போடுவதும் வந்தவர்களுக்குச் சாயாவும் பழம்பொரியும் ஏற்பாடு செய்வதும்தான்.

நிர்ணயிப்பவர் கோலப்பன் சார். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து சாலைக் கடைவீதியில் இரும்புக்கடை வைத்த குடும்பம். கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றதும் தன்னை இசைக்கு ஒப்புக்கொடுத்தார். இசையால் மறுக்க முடியவில்லை. உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வரும் ஆல்பங்களைக் கேட்டு, தனக்குப் பிடித்த பத்தை வரிசைப்படுத்தி, வருடக் கடைசியில் எங்கள் முன்னால் அறிவிப்பார். உறைந்த ஏரியை யாரோ ஒருவர் கரண்டியால் சுரண்டி எடுத்த ஓசைக்கு ஒரு வருடம் முதலிடம் கிடைத்தது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பழம்பொரி சூடாக இருந்தது.

தேர்வுக்கு ஒரே ஒரு விதி. அந்த ஆல்பத்தைக் காலனியில் வேறு யாரும் கேட்டிருக்கக் கூடாது. நாலு பேர் கேட்டுவிட்டால் அது இசை அல்ல, சந்தைச் சரக்கு. ஒருமுறை மூன்றாம் இடத்தை அறிவித்தபோது, ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் சுனில், தானும் அதை பஸ்ஸில் கேட்டதாகச் சந்தோஷமாகச் சொல்லிவிட்டான். கோலப்பன் சார் அந்த இடத்திலேயே பேனாவை எடுத்து அதை அடித்தார். அந்த வருடம் உலகத்தில் நல்ல ஆல்பங்கள் ஒன்பதுதான்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டு மாடி அறைக்குத்தான் இரண்டு வருடத்துக்கு முன்பு ஜெபமலர் வாடகைக்கு வந்தாள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பெண். சாலைக் கடைவீதியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற வேலை. சாயங்காலம் வந்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, தானே கட்டிய பாட்டுகளைப் பாடி ஒரு சின்ன மைக்கில் பதிவு செய்வாள். தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில், ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவார்கள். அதன்பின் இருந்த லேடீஸ் ஹாஸ்டலில் ஓர் அறைக்கு நாலு பேர். கதவைச் சாத்திக்கொண்டு பாட அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் அறை அதுதான்.

கீழே கோலப்பன் சார் இசை கேட்கும் அறை. அவர் நுண்ணிய மௌனங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது மேலேயிருந்து பாட்டு இறங்கும். அவர் பண்பாளர்; படியேறிப் போய்ச் சண்டை போடுகிற ஆள் இல்லை. ஒட்டடைக்கம்பை எடுத்துக் கூரையில் ஓங்கி இடிப்பார். பாட்டு நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தொடங்கும். மறுபடியும் இடிப்பார். சீலிங்கில் ஓரிடத்தில் பெயிண்டே போய்விட்டது.

அவர் மனைவி உமையம்மை அம்மாளுக்கு இசை ஞானம் போதாது. அந்தப் பிள்ளையும் பாட்டுதானே பாடுகிறது, நீங்களும் பாட்டுதானே கேட்கிறீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, கோலப்பன் சார் சொன்ன பதிலைச் சங்கத்துச் சுவரில் எழுதி வைக்கலாம்.

"இது சத்தமாக்கும். பாட்டுன்னா அது ஆல்பமா வரணும்."

டிசம்பர் வந்தது. இறுதித் தேர்வுக் காலம். சார் எழுத்து மூலம் புகார் கொடுத்தார். நான் அவசரக் கூட்டம் கூட்டினேன். ஜெபமலரும் வந்து கதவோரம் நின்றாள். நாற்காலி காலியாக இருந்தது. உட்காரச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை, அலுவல் அத்தனை இருந்தது. துணைத்தலைவி லீலாபாய் சமரசத்தில் கெட்டிக்காரர். நயமாகவே ஆரம்பித்தார்.

"மோளே, மனசுக்குள்ள பாடினா போராதா?"

"ரெக்கார்டு செய்யணும் மேடம். மனசுல பாடினா மைக்குக்குக் கேக்காது."

இன்னும் ஒன்றரைப் பாட்டுதான் பாக்கி, இரண்டு வாரம் தந்தால் முடித்துவிடுவேன் என்றாள். கோலப்பன் சார் உலகத்தின் நிலைமையை எடுத்துச் சொன்னார்: நூற்றுக்கணக்கான கலைஞர்கள் அவருடைய முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள், ஒருத்திக்காக அத்தனை பேரையும் காக்க வைப்பது நியாயமா? நியாயம் இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். அந்த வாரமே அவள் காலி செய்தாள். அவளுடைய பெட்டியை ஆட்டோவில் ஏற்றியது நான்தான். சங்கத்துக்கு மனிதாபிமானமும் உண்டு.

அடுத்த வருடம் ஓணக் கூட்டத்தில் சுனில் ஒரு விஷமக் கேள்வி கேட்டான். "அண்ணாச்சி, வருஷா வருஷம் வெளிநாட்டு ஆல்பமாட்டே சொல்லுதீங்க. நம்ம பாஷையில நல்லதா ஒண்ணும் இல்லையா, எதுவும் கொள்ளாதா?" கோலப்பன் சார் அன்று பாயசம் சாப்பிடாமலே எழுந்து போனார். அதன்பின் இரண்டு மாதம் வெளியில் தலை காட்டவில்லை. தமிழில், ஆனால் தமிழர் யாரும் கேட்டிராத ஆல்பம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று உமையம்மை அம்மாள் மூலம் தகவல் வந்தது.

கடைசியில் கிடைத்துவிட்டது. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி, ஒன்பது வெளிநாடுகளையும் கடந்து, சார் மூச்சை இழுத்துக்கொண்டு முதலிடத்தை அறிவித்தார். ஆல்பத்தின் பெயர் 'மேல்மாடி'. பாடியவர் பெயர் போடவில்லை. இணையத்தில் அதைக் கேட்டவர்கள் மொத்தம் பதினோரு பேர். அந்த எண்ணிக்கையைச் சார் இரண்டு முறை சொன்னார்.

மேல்மாடி என்பது மனத்தின் உயர்ந்த தளம் என்று விளக்கினார். பாடகி பெயரைத் துறந்த ஒரு சித்தராக இருக்கலாம் என்றார். கடைசிப் பாட்டு பாதி வரியில் சட்டென்று நின்றுவிடுகிறது. முடிவு என்பதையே மறுக்கும் அந்தத் துணிச்சல் ஐரோப்பாவில்கூட இல்லை என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் தாளம். பாட்டோடு ஒட்டாமல், கோபம் கோபமாக, பாதாளத்திலிருந்து எழும்பி வரும் தாளம். அடிப்பவர் யாரோ, அவர் மேதை. சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

பாட்டு நன்றாக இருந்தது. மலையில் மழை பெய்யும்போது கொழுந்துக் கூடையோடு நிற்கிற அம்மாவைப் பற்றிய பாட்டு. நடுவில் அந்தத் தாளம் வந்தது. டம், டம், டம்.

உமையம்மை அம்மாள் பழம்பொரியைத் தட்டில் வைத்தார்.

"இது நம்ம ஒட்டடைக்கம்புல்லா," என்றார். "ஜெபமலர் பாடுதா. நீங்க இடிக்கீங்க."

அப்போது சுனில் விதியைக் கிளப்பினான். இந்தப் பாட்டைப் போன வருடம் மாடியிலிருந்து கேட்காதவர் அந்தத் தெருவிலேயே கிடையாது. எனவே இது சந்தைச் சரக்கு, அடித்துவிட வேண்டும் என்றான். உலக இசை ஆடிப்போன கணம் அது. செயலாளர் என்ற முறையில் நான் எழுந்து தீர்ப்புச் சொன்னேன்: போன வருடம் நாம் கேட்டது சத்தம், அது பிறகுதான் ஆல்பமாக வந்தது, ஆகவே இசை என்ற வகையில் இதை நம்மில் யாரும் கேட்கவில்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கோலப்பன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளைக் கண்டுபிடித்தவரும் அவரே, தாளம் போட்டவரும் அவரே என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

உடனே தீர்மானங்கள் நிறைவேறின. கலைஞரை உருவாக்கிய கோலப்பன் சாருக்குப் பொன்னாடை. மாடி அறை இனி 'ஜெபமலர் நினைவு இசை அறை'. நாலு சுவரிலும் பஞ்சுப் பலகை ஒட்டி, ஒரு பொட்டுச் சத்தம் உள்ளே வராமலும் வெளியே போகாமலும் செய்ய வேண்டும். வாசலில் 'இங்கே அமைதி காக்கவும்' என்று சலவைக்கல்லில் பொறிக்க வேண்டும். பொங்கலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சார் தினமும் அங்கே உட்கார்ந்து அவள் ஆல்பத்தைக் கேட்கிறார்.

விழாவுக்கு அழைப்பதற்காக நான் ஜெபமலருக்குப் போன் செய்தேன். மறுபடி ஹாஸ்டலில்தான் இருந்தாள். பின்னால் யார் யாரோ பேசும் சத்தம் கேட்டது. அன்றைக்குக் காலி செய்த பிறகு ஒரு வரிகூடப் பாடிப் பதிவு செய்ய முடியவில்லை என்றாள். முதலிடம், பொன்னாடை, சலவைக்கல் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"சார், அந்த ரூம் இப்போ காலியாத்தானே இருக்கு? எனக்கே தருவீங்களா? அந்தப் பாதிப் பாட்டைப் பாடி முடிக்கணும்."

அவளுக்குச் சபை நடைமுறை தெரியாது, பாவம். நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "அதெப்படி மோளே முடியும்? அது உன் நினைவு அறையாக்கும். அங்க யாரும் சத்தம் போடக்கூடாதுன்னு தீர்மானம் ஆயாச்சு."

"நான் உயிரோடதான் இருக்கேன் சார்," என்றாள்.

வாஸ்தவம்தான். எங்கள் இசை ரசனைக்கு அந்த ஒன்றுதான் இடைஞ்சல்.