பெரியவரும் பித்தளை அண்டாவும்

எனக்கு யாரிடமும் 'முடியாது' என்று சொல்ல வராது. இதை நல்ல குணம் என்று நினைத்துவிடாதீர்கள், வெறும் கூச்சம். எதிரில் நிற்பவரின் முகம் வாடுவதைப் பார்க்கும் தைரியம் இல்லாததால் தலையை ஆட்டிவிடுவேன். பஸ்ஸில் பக்கத்து ஆள் தூங்கி என் தோளில் சாய்ந்தால், அவர் விழிக்கும் ஊரில்தான் நானும் இறங்குவேன். (நாங்குநேரியில் இறங்க வேண்டியவன் ஒருமுறை வள்ளியூர் வரை போயிருக்கிறேன்.)

இப்படிப்பட்டவன் ஒரு கணினியிடம் மட்டும் எப்படி முடியாது என்று சொல்வான்?

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போக வேண்டும். அங்கே முதல் நாள் ஒவ்வொருவரும் எழுந்து நின்று பேர் சொல்ல வேண்டும் என்று கேள்விப்பட்டேன். அன்று எனக்கு வயிற்றுவலி வந்தது. அந்த வயிற்றுவலி அந்த வருடம் முழுக்க இருந்தது, அதோடு படிப்பு முடிந்தது. பிறகு ஒரு மைக்செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். வயரைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் யாரும் பேச்சை எதிர்பார்ப்பதில்லை. அப்படியே தொழில் பழகி, ஏரல் கடைத்தெருவில் சொந்தமாக ஒரு மைக்செட் கடை வைத்தேன்.

என் குரலையும் சொல்லிவிட வேண்டும். கீச்சுக் குரல். போனை எடுத்து 'ஹலோ' என்றால், "எக்கா, வீட்டுல அண்ணன் இருக்காவளா?" என்று கேட்பார்கள். நானும் "இருக்காவ" என்று சொல்லி, கொஞ்ச நேரம் கழித்து நானே பேசுவேன்.

கடைகளுக்கு ஆட்டோ விளம்பரம் பதிவு செய்து கொடுக்கலாம் என்று ஒரு பழைய கணினி வாங்கினேன். பாளையங்கோட்டையில் கணினி பழுது பார்க்கும் ஜெபராஜ் தம்பி வந்து, ஒலிப்பதிவுக்கான சாப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தார். அதில் குரலைக் கனமாக்கும் வசதி ஒன்று இருந்தது. ஒரு கோட்டைக் கீழே இழுத்து, இன்னொன்றை மேலே தள்ளினார். என் கீச்சுக் குரல் உள்ளே போய், அறுபது வயது ஜமீன்தார் ஒருவர் சாப்பிட்டுவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து பேசுவதுபோல வெளியே வந்தது. நானும் ஜெபராஜும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த அளவைச் சேமிக்கக் கணினி ஒரு பேர் கேட்டது. 'பெரியவர்' என்று வைத்தோம்.

சாப்ட்வேர் முழுக்க ஆங்கிலம். எனக்கு அதில் ஒரு எழுத்தும் பிடிபடாது. ஆனால் எந்த மூலையில் எந்தப் பொத்தான் என்பது, இருட்டில் சொந்த வீட்டுச் சுவிட்சைத் தடவிப் போடுவதுபோலப் பழகிவிட்டது.

பெரியவரின் குரல் ஊரில் பிரபலமானது. முதலில் மயங்கியவர் பாத்திரக்கடை சிவலிங்க அண்ணாச்சி. "யாருவே பேசுதது? ரேடியோவுல இருந்து ரிட்டையர் ஆன ஆளா இருக்கும். மதுரைப் பக்கமா?" என்று அவரே கேட்டு, அவரே தலையாட்டிக்கொண்டார். நான் மறுப்பதற்குள் அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு மறுக்கச் சந்தர்ப்பமே வரவில்லை. (வந்தது. எனக்குத்தான் வாய் வரவில்லை.) அண்ணாச்சி சரக்கு எடுக்கத் திருநெல்வேலி போகும்போதெல்லாம் அல்வா வாங்கி வந்து, "பெரியவர்ட்ட குடுத்திரும்வே" என்று என் கையில் தருவார். நான் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோவேன். நானும் என் மனைவி இசக்கியும் பெரியவர் சார்பில் சாப்பிடுவோம்.

வருடக்கணக்கில் இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அண்ணாச்சி கடையைப் பெரிதாகக் கட்டினார். திறப்பு விழாவுக்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு சிவப்புப் பொன்னாடையைக் காட்டினார். பெரியவர் நேரில் வந்து பேச வேண்டும், அவருக்கு இதைப் போர்த்த வேண்டும், அவர் வருகிறார் என்பதை அவர் குரலிலேயே சாயங்காலம் ஊருக்கு அறிவிக்க வேண்டும் என்றார். அண்ணாச்சி எந்த மைக்செட்டைக் கூப்பிடுகிறாரோ, கடைத்தெரு முழுக்க அதையே கூப்பிடும். அவர் என்னைப் பொய்யன் என்று நினைத்தால் நான் கடையைச் சாத்திவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போக வேண்டியதுதான். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "சொல்லிப் பாக்கேன் அண்ணாச்சி" என்று வந்தது.

அன்று சாயங்காலம், "அன்புள்ள ஏரல் மக்களே, நாளை நானும் வருகிறேன்" என்று பெரியவர் தெருத்தெருவாகப் போனார். ஆட்டோ எங்கள் வீட்டைத் தாண்டும்போது இசக்கி வாசலில் நின்று கேட்டாள்.

"வருவாரா?" என்றாள் என்னிடம்.

வழியையும் அவள்தான் சொன்னாள். காலையில் பெரியவர் குரலில் வாழ்த்துரையைப் பதிவு செய்துகொள்வது. கடைக்குப் பின்னால் இருக்கும் சரக்கு அறையில் திரைக்குப் பின்னால் இருந்து அதைப் போடுவது. பெரியவருக்குக் கூட்டம் ஆகாது, முகம் காட்டாமல் பேசிவிட்டுப் பின்வாசல் வழியாகக் காரில் போய்விட்டார் என்று சொல்லிவிடுவது. "கூச்ச சுபாவம்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாவ" என்றாள்.

விடிந்ததும் குளித்து, விபூதி பூசி, கணினியைப் போட்டேன். அது வழக்கமான நீலப் பெட்டியைக் காட்டியது. பல நாளாகவே அது தினமும் எதையோ கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பொத்தான்கள். வலது பக்கத்தை அமுக்கினால் பெட்டி போய்விடும், மறுநாள் மறுபடி வந்து நிற்கும். கோபப்படாமல், சலிக்காமல், தினமும் வந்து கேட்டுவிட்டுப் போகும் ஒருவரை எத்தனை நாள்தான் திருப்பி அனுப்புவது? எனக்கு அதன் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. அன்றைக்கோ முகூர்த்த நாள். நல்ல நாளும் அதுவுமாக, கேட்டு வந்தவரை இல்லை என்று அனுப்பினால் போகிற காரியம் விளங்குமா?

இடது பக்கத்தை அமுக்கினேன்.

திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. காப்பி குடித்தேன், சுற்றியது. இட்லி சாப்பிட்டேன், சுற்றியது. அணைந்து, எரிந்து, மறுபடி சுற்றியது. நன்றி சொல்லிவிட்டுப் போகும் என்று நினைத்தால், வீட்டுக்குள் வந்து சாமான்களையெல்லாம் இடம் மாற்றி வைக்கும் விருந்தாளியாக அது இருந்தது. எல்லாம் முடிந்தபோது கணினி புதிதாக ஒரு மலைப் படத்தைக் காட்டிச் சிரித்தது. என் சாப்ட்வேர் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் காகிதப் படம் மட்டும் இருந்தது. அமுக்கினால் 'டொங்' என்று ஒரு சத்தம். மறுபடி அமுக்கினால் மறுபடி 'டொங்'.

ஜெபராஜ் தம்பி அதற்குள் துபாய் போயிருந்தார். போன் போட்டேன். கணினியே முழுசாகப் புது அமைப்புக்கு மாறிவிட்டது, அந்தப் பழைய சாப்ட்வேர் இனி அதில் ஓடாது, சேமித்து வைத்த பெரியவரும் அதோடு போய்விட்டார் என்றார். திரும்பப் பழையபடி ஆக்கலாம், ஆனால் மத்தியானம் வரை ஆகும், அதுவும் உறுதி இல்லையாம்.

"யாருண்ணே உங்கள அத அமுக்கச் சொன்னது?"

"தினமும் கேட்டுச்சு தம்பி."



திறப்பு விழா பத்து மணிக்கு. ஒன்பதரைக்கு நான் மைக்கையும் வயரையும் தூக்கிக்கொண்டு சரக்கு அறைக்குள் நுழைந்தேன். அண்ணாச்சி பின்னாலேயே வந்தார். பெரியவர் எங்கே என்றார். பின்வாசல் வழியாக வருகிறார், முகம் காட்ட மாட்டார், கூச்ச சுபாவம் என்றேன். "எவ்வளவு பெரிய ஆளு, எவ்வளவு அடக்கம்" என்று உருகிவிட்டு வெளியே போனார்.

நான் தனியாக நின்றேன். திரைக்கு அந்தப் பக்கம் ஊரே பேசிக்கொண்டிருந்தது. வேர்த்துக் கொட்டியது. லேசாகச் செருமினேன்.

பெரியவர் செருமினார்.

திடுக்கிட்டுத் திரும்பினேன். பக்கத்தில் கல்யாணச் சமையலுக்கான பெரிய பித்தளை அண்டா ஒன்று, இரண்டு ஸ்டூல்களின் மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. குனிந்து அதற்குள் தலையை விட்டு, "அன்புள்ள ஏரல் மக்களே" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவரேதான். ஜமீன், ஊஞ்சல், எல்லாம் அப்படியே இருந்தது.

நாதஸ்வரம் ஓய்ந்ததும் மண்டி போட்டு, தலையையும் மைக்கையும் அண்டாவுக்குள் விட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தேன். வெளியே சத்தம் அடங்கியது. அண்ணாச்சி கடையை வாழ்த்தினேன், பாத்திரங்களை வாழ்த்தினேன். எழுதிக்கொண்டு வந்தது அவ்வளவுதான். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆனால் அண்டாவுக்குள் இருட்டாக இருந்தது. ஒரு முகமும் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குக் கூச்சம் போய்விட்டது. ஐந்தாம் வகுப்பிலிருந்து சேர்த்து வைத்திருந்த பேச்சு முழுவதும் வெளியே வந்தது. தாமிரபரணியைப் பற்றிப் பேசினேன், கற்பைப் பற்றியும் ஏதோ பேசினேன் போலிருக்கிறது. பிறகு ஒரு ஆசை வந்தது. நம்மைப் பற்றி ஊரில் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? "இந்த மைக்செட் தங்கராசு இருக்கிறாரே" என்று ஆரம்பித்தேன்.

வெளியே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நல்ல நேரம் முடிவதற்குள் முதல் விற்பனை நடக்க வேண்டும். பெரியவரோ நிறுத்துவதாக இல்லை. அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்துத் தவித்துவிட்டு, பேச்சு அது பாட்டுக்குப் போகட்டும், விற்பனையைச் சத்தமில்லாமல் நடத்துவோம் என்று முடிவெடுத்தார். முதல் வாடிக்கையாளர் மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வந்த மணப்பாடு ஊர்க்கார அம்மா ஒருவர். பெயர் செலின். கடையிலேயே பெரிய அண்டா வேண்டும் என்றார். அது உள்ளே இருந்தது. கடை ஆட்கள் இரண்டு பேர் வந்து, நல்ல நேரம் போகும் அவசரத்தில் திரையை முழுக்க ஒதுக்கிவிட்டு, ஆளுக்கொரு பக்கம் அண்டாவைத் தூக்கினார்கள். அடியில் மண்டி போட்டிருந்த என்னை அவர்கள் கவனிக்கவில்லை.

"தங்கராசுவைப் போல ஒரு அறிவாளியை," என்று பெரியவர் சொன்னார். "இந்த மாவட்டத்திலேயே பார்க்க முடியாது," என்று கீச்சுக் குரல் முடித்தது.

கண்ணைத் திறந்தேன். வெளிச்சமாக இருந்தது. ஊர் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இசக்கி முன்வரிசையில் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். எழுந்து நிற்க நினைத்தேன், கால் மரத்துப் போயிருந்தது. கையில் மைக் இருந்ததால் ஏதாவது சொல்ல வேண்டும்போல் தோன்றியது. "எல்லாரும் காப்பி சாப்பிட்டுப் போங்க" என்றேன். ஆறாம் வகுப்பு வயிற்றுவலி அதே இடத்தில் அப்படியே திரும்ப வந்தது.

செலின் அம்மா அண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, எனக்கு அண்டா மட்டும் போதும். ஆளு வேண்டாம்."

கூட்டம் சிரித்த சிரிப்பில் மேலே அடுக்கியிருந்த தட்டுகள் அதிர்ந்தன. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து, குனிந்து, சின்னக் குரலில் கேட்டார்.

"அப்ப அந்த அல்வா?"

"நாங்கதான் சாப்பிட்டோம் அண்ணாச்சி."

"எல்லாத்தையுமா?"

"நீங்க ஒருதடவ குடுத்த மிக்சர மட்டும் எதுத்த வீட்டுக்குக் குடுத்தோம்."

அவர் வாய் கோணியது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கித்தான் அப்படிக் கோணியிருக்கிறது. அடக்க முடியாமல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம் பொன்னாடையை விரித்தார். "வாங்கினத என்ன செய்ய? நீரு வேற எந்திரிக்கவும் மாட்டேங்கீரு. அப்படியே இரும்வே" என்று, மண்டி போட்டிருந்த எனக்கே போர்த்திவிட்டார். அதைப் படம் எடுத்தார்கள். ஏரலில் அந்தப் படம் இல்லாத போன் கிடையாது.

கடைத்தெரு என்னைக் கைவிடவில்லை. ஆனால் பழைய சாப்ட்வேர் திரும்ப வரவே இல்லை. ஜெபராஜ் லீவில் வந்து புதிது ஒன்று போட்டுப் பார்த்தார். அதில் எந்தக் கோட்டை எப்படி இழுத்தாலும் ஜமீன்தாருக்குச் சளி பிடித்த மாதிரிதான் இருந்தது. கடைசியில் அண்ணாச்சியே அதே அளவில் வேறொரு அண்டாவைக் கொண்டுவந்து இறக்கினார். இப்போது என் விளம்பரங்கள் எல்லாம் அதற்குள்தான் பதிவாகின்றன. கணினி இன்னும் அவ்வப்போது நீலப் பெட்டியைக் காட்டும். அப்போது நான் எழுந்து வெளியே போய்விடுவேன். முடியாது என்று அமுக்குவதற்கு இசக்கி வருவாள்.

அண்ணாச்சி திருநெல்வேலி போனால் இப்போதும் அல்வா வருகிறது. இப்போதும் "பெரியவர்ட்ட குடுத்திரும்வே" என்றுதான் தருகிறார். இசக்கி அதை வாங்கிக்கொண்டு நேராகப் பதிவு அறைக்குப் போவாள். எங்கள் பேத்தியையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அண்டாவுக்குள் தலையை விட்டு, "பெரியவரே, அல்வா வந்திருக்கு, சாப்பிடுதியளா?" என்று கேட்பாள். பதிலுக்குக் கொஞ்சம் காத்திருப்பார்கள். பக்கத்து அறையில் இருந்து நான் "ஆமா" என்பேன்.

"இது அவர் சத்தம் இல்ல," என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் பொட்டலத்தைப் பிரிப்பார்கள்.